பட்டினியா, ஊசியா? டைப் 1 சர்க்கரை நோயின் நூறு வருஷக் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பொண்ணோட கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1922 ஆகஸ்ட் மாசம். கனடாவின் டொரன்டோ நகரம். எலிசபெத் ஹியூஸ் என்ற ஒரு அமெரிக்கப் பொண்ணை, அவங்க அம்மா ஒரு இளம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வர்றாங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னும் சில நாள்ல 15 வயசு ஆகப்போகுது. எடை 45 பவுண்டு, அதாவது 20 கிலோ. நம்ம ஊர்ல ஒண்ணாவது இரண்டாவது படிக்கிற குழந்தையோட எடை அது. நடக்கவே தெம்பு இல்லை.

அவங்க வீட்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், அந்த நேரத்துல அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். 1916 ஜனாதிபதித் தேர்தலில் உட்ரோ வில்சனை எதிர்த்து நின்று கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றவர். பணம், செல்வாக்கு எல்லாம் இருந்த குடும்பம். அந்தப் பொண்ணு மூணு வருஷத்துக்கு மேல பட்டினி கிடந்தது டாக்டர் சொல்லித்தான். அன்றைக்கு அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு மிகப் பெரிய நிபுணர்களில் ஒருவர் கொடுத்த டயட் அது.

இந்தக் கதையை நான் ஏன் எடுத்தேன்னா, எனக்கும் அதே நோய்தான். டைப் 1. என் 12 வயசுல கண்டுபிடிச்சாங்க, இப்ப 27. இந்த 15 வருஷத்துல நான் அதிகமா கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு: "அரிசியை நிறுத்திப் பாத்தியா? டயட்லயே சரியாயிடுமே, எதுக்கு ஊசி?"

கேக்குறவங்க எல்லாரும் நல்லவங்க. என் அத்தை கேட்டிருக்காங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட் அண்ணன் கேட்டிருக்கார், ஆட்டோ டிரைவர் ஒருத்தர் கேட்டிருக்கார். இந்தக் கேள்விக்கு நூறு வருஷம் முன்னாடியே ஒரு பதில் கிடைச்சிருக்கு. அதுக்கு நிறைய குழந்தைகள் விலை கொடுத்திருக்காங்க. நானும் கொஞ்சம் கொடுத்திருக்கேன்.

என் கதை கொஞ்சம்

எனக்கு அப்போ 15 வயசு. நாங்க திருச்சியில் இருந்தோம். சொந்தக்காரர் ஒருத்தர் மூலமா அப்பாவுக்கு ஒரு வைத்தியரோட பழக்கம் ஆச்சு. பேர் வேண்டாம். அவர் ஏமாத்துக்காரர்னு இன்னைக்கும் நான் சொல்ல மாட்டேன். நிஜமாவே நிறைய பேருக்கு சுகரைக் குறைச்சவர். "அரிசி, கோதுமை, பழம் எல்லாத்தையும் நிறுத்துங்க. காய்கறி, கீரை, கொஞ்சம் கொள்ளு. ஊசியைப் படிப்படியாக் குறைச்சிடலாம்" அப்படின்னார்.

முதல் வாரம் பாதி டோஸ். நம்பர் எல்லாம் அழகா வந்துச்சு. அப்பா ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டே வந்தார். அவர் முகத்துல மூணு வருஷமா இல்லாத ஒரு நிம்மதி. அதைப் பாத்து எனக்கும் சந்தோஷம். ரெண்டாவது வாரம் ஊசியை மொத்தமா நிறுத்தினோம்.

மூணாவது நாள் வாந்தி. தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தேன், தாகம் அடங்கலை. மூச்சு வேகமா, ஆழமா வாங்குது. மீட்டர்ல பாத்தா சுகர் 260. "பெருசா ஒண்ணும் இல்லையே, சாப்பாடு ஒத்துக்கலை போல"ன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ராத்திரி ஐசியூ. அங்கே இருந்த டாக்டர் மேடம் அப்பாகிட்ட திட்டாம, சத்தம் போடாம ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க: இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா பொண்ணு பிழைச்சிருக்க மாட்டா. அப்பா அந்த நோட்டை அப்புறம் என்ன பண்ணார்னு நான் கேட்டதே இல்லை.

அந்த வைத்தியர் சொன்ன வெற்றிக் கதைகள் எல்லாம் உண்மைதான். ஆனா அதெல்லாம் வேற ஒரு நோயோட கதைகள். இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆச்சு. புரிய வச்சது இந்த வரலாறுதான். வாங்க, அதுக்குள்ள போலாம்.

நாயும் கணையமும்

நம்ம வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு. 1869ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது, உள்ளே தீவு தீவா சில செல் கூட்டங்கள் இருப்பதைக் கவனித்தார். அதோட வேலை என்னன்னு அவருக்குத் தெரியாது.

1889ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் யோசெஃப் வான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்ற ரெண்டு பேர் ஒரு நாயின் கணையத்தை முழுசா எடுத்தார்கள். நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. அந்தச் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அப்போ சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் தொடர்பு இருக்குன்னு உறுதியாச்சு. கணையம் ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில் விடுது, அது இல்லாததுதான் பிரச்சினை என்று பலரும் யோசித்தார்கள். ஆனா அதைப் பிரிச்சு எடுக்க அடுத்த 30 வருஷமும் யாராலயும் முடியலை.

அந்த 30 வருஷம் டாக்டர்கள் கையில் என்ன இருந்தது? சாப்பாடு ஒண்ணுதான்.

ஃப்ரெடரிக் ஆலன்

இங்கேதான் டாக்டர் ஃப்ரெடரிக் ஆலன் வர்றார். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தவர். விலங்குகளை வைத்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்: சர்க்கரை நோயாளியின் உடம்பால சாப்பாட்டைக் கையாள முடியலை. மாவுச்சத்து மட்டும் இல்லை, எந்தச் சாப்பாடா இருந்தாலும் சரி. அதனால உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் கொடு.

வழிமுறை இதுதான். நோயாளி வந்ததும் முதல்ல பட்டினி போடுவார்கள், சிறுநீரில் சர்க்கரை சுத்தமா நிற்கும் வரைக்கும். அப்புறம் கொஞ்சம் காய்கறி. அதுவும் மூணு தடவை வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணியை வடிச்சுக் கொட்டிய காய்கறி. அதுல இருக்கிற கொஞ்ச மாவுச்சத்தும் போயிடணும். பிறகு முட்டை, கொஞ்சம் இறைச்சி என்று மெல்ல ஏற்றுவார்கள். சிறுநீரில் மறுபடி சர்க்கரை தெரிஞ்சா மறுபடி பட்டினி. எல்லாம் தராசில் நிறுத்துத்தான் தட்டுக்கு வரும்.

எலிசபெத் 1919ல் ஆலனிடம் வந்தபோது 11 வயசு, எடை 75 பவுண்டு, அதாவது 34 கிலோ. அவளுடைய சாப்பாடு சில காலம் ஒரு நாளைக்கு 400 கலோரி அளவுக்குக்கூட இறங்கியது. ஹோட்டல்ல ஒரு மசால் தோசை, ஒரு காபி. கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதுவே ஒரு முழு நாளைக்கு. வாரத்தில் ஒரு நாள் அதுவும் குறையும். பிறந்தநாளுக்கு கேக் கிடையாது. தொப்பி வைக்கிற அட்டைப்பெட்டிக்குக் கலர் பேப்பர் சுத்தி, மேல மெழுகுவர்த்தி ஏத்தி வச்சாங்க.

இதைவிடக் கஷ்டமான ஒரு கதை ஆலனின் நோயாளிகள் பற்றிய பதிவுகளில் இருக்கு. 12 வயசுப் பையன். சர்க்கரை நோயால் பார்வை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவு கவனமா சாப்பாட்டை நிறுத்திக் கொடுத்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகிட்டே இருந்தது. அவன் எங்கிருந்தோ திருடிச் சாப்பிடுறான்னு சந்தேகம். கடைசியில் கண்டுபிடித்தார்கள். பல் விளக்குற பேஸ்ட்டைச் சாப்பிட்டிருக்கான். அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வச்சிருந்த கேனரிப் பறவையின் கூண்டிலிருந்து அதோட தானியத்தையும் எடுத்துச் சாப்பிட்டிருக்கான். அந்தப் பையன் பிழைக்கலை.

ஆலனை வில்லனா பாக்கணும்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா அவர் கையில் வேற எதுவும் இல்லை. அந்த டயட் இல்லாம இருந்தா, டைப் 1 வந்த ஒரு குழந்தை மாசக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் போயிடும். ஆலனின் டயட் சிலருக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம், எலிசபெத்துக்கு மூணு வருஷத்துக்கு மேல வாங்கிக் கொடுத்தது. அந்த மூணு வருஷம் இல்லைன்னா அவ 1922ஐப் பார்த்திருக்க மாட்டா.

அதே நேரம் இதையும் சொல்லணும். அந்தக் காலத்துல கிடைக்கிற மிகச் சிறந்த டாக்டர், 24 மணி நேர நர்ஸ், தராசு, லேப், கட்டுப்பாடான நோயாளி, பணத்துக்குக் குறைவில்லாத அப்பா எல்லாம் இருந்தும், டயட் மட்டும் வச்சு எலிசபெத்துக்குக் கிடைச்சது 20 கிலோ எடையும் சாவை நோக்கின மெதுவான நடையும்தான். "டயட்லயே சரியாயிடும்" என்கிற யோசனையை இதைவிடத் தீவிரமா யாராலயும் முயற்சி பண்ண முடியாது.

ஏன் டயட் மட்டும் போதாது?

இதுல பலருக்கு ஒரு குழப்பம் இருக்கு. சர்க்கரை சாப்பாட்டிலிருந்துதானே வருது? சாப்பாட்டை நிறுத்தினா சர்க்கரையும் நின்னுடணுமே?

நிக்காது. நம்ம கல்லீரல் தானாகவே சர்க்கரையைத் தயாரிச்சு ரத்தத்தில் விட்டுக்கிட்டே இருக்கும். நீங்க தூங்கும்போதும் மூளைக்குச் சாப்பாடு வேணுமே. "போதும், நிறுத்து"ன்னு கல்லீரலுக்குச் சொல்றது இன்சுலின். அதே மாதிரி கொழுப்பு தேவைக்கு மேல உடையாம பாத்துக்கிறதும் இன்சுலின்தான். இன்சுலின் சுத்தமா இல்லைன்னா கொழுப்பு கட்டுப்பாடில்லாம உடைஞ்சு கீட்டோன்கிற அமிலமா மாறி ரத்தத்தில் சேரும். வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம். இதுக்குப் பேர் டிகேஏ. எனக்கு வந்தது இதுதான். நான் ஒண்ணுமே சாப்பிடாம இருந்ததால சர்க்கரை நம்பர் ரொம்ப ஏறலை, ஆனா கீட்டோன் ஏறிக்கிட்டே இருந்தது. மீட்டரைப் பார்த்து நாங்க ஏமாந்தோம்.

டொரன்டோ

இன்சுலின் கண்டுபிடிச்ச கதை நிறைய பேருக்குத் தெரியும், அதனால வேகமா சொல்றேன். 1921 கோடையில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் பான்டிங் என்ற சர்ஜனும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மக்லியாட் கொடுத்த லேபில் நாய்களை வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். அப்புறம் ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியல் நிபுணர் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11. லெனர்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையன், எடை 65 பவுண்டு. முதல் ஊசி அவனுக்குத்தான். சரியா வேலை செய்யலை. மருந்து சுத்தமா இல்லாததால ஊசி போட்ட இடத்தில் சீழ் வச்சது. காலிப் ராத்திரி பகலா உக்காந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23ல் மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை சர்க்கரை இறங்கியது, கீட்டோன் மறைந்தது. அந்தப் பையன் அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். மறு வருஷமே பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு.

ஆனா 1922 கோடை முழுக்க மருந்து பத்தலை. பெரிய அளவில் தயாரிக்கத் தெரியலை. எலிசபெத்தின் அம்மா எழுதினப்போ பான்டிங் முதல்ல முடியாதுன்னுதான் சொன்னார். பிறகு ஆகஸ்டில் சரின்னார். அவளுடைய அப்பா யார் என்பது அதுல எவ்வளவு உதவிச்சுன்னு நான் சொல்லவேண்டியது இல்லை. அதே கோடையில் கடிதம் எழுதிக் காத்திருந்த எத்தனையோ பெற்றோருக்கு இடம் கிடைக்கலை. நான் ஃபார்மசியில் இன்சுலின் வாங்கும்போது பக்கத்துல ஒரு அம்மா விலையைக் கேட்டுட்டு "இந்த மாசம் ஒண்ணு மட்டும் போதும்"னு சொல்றதைப் பாக்குறப்போ இந்த இடம் எனக்கு ஞாபகம் வரும்.

எலிசபெத்துக்கு ஊசி ஆரம்பிச்ச சில வாரங்களில் அவ ஒரு நாளைக்கு 2200 கலோரிக்கு மேல சாப்பிட்டா. பிரெட், உருளைக்கிழங்கு எல்லாம் மூணு வருஷத்துக்கு அப்புறம் தட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு எழுதின கடிதங்கள்ல சாப்பாட்டைப் பத்தியே எழுதித் தள்ளியிருக்கா. நவம்பர் கடைசியில் வீட்டுக்குப் போயிட்டா.

ஊசி வந்தும் தராசு போகலை

கதை இங்கே முடிஞ்சுதுன்னு நினைச்சா தப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான்.

இன்சுலின் வந்த பிறகு டயட் கொஞ்சம் தளர்ந்தாலும், கண்டிப்பு போகலை. காரணம் புரிஞ்சுக்கக்கூடியதுதான். வீட்ல ரத்தச் சர்க்கரை பாக்க வழியே இல்லை. சிறுநீரை ஒரு நீல நிறத் திரவத்தில் ஊத்திக் கொதிக்க வச்சு, நிறம் பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா மாறுதான்னு பாக்கணும். அதுவும் சில மணி நேரத்துக்கு முன்னாடி நடந்ததைத்தான் காட்டும். ஊசியைக் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போடுற மாதிரி. அதனால ஊசி அளவு மாறாம இருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி சாப்பாடும் மாறாம இருக்கணும்.

பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர் இதை மூணு குதிரை பூட்டின தேருக்கு ஒப்பிட்டார். டயட், இன்சுலின், உடற்பயிற்சி மூணும் குதிரைகள், நோயாளிதான் சாரதி. அழகான உவமைதான். ஆனா நிறைய குழந்தைகள் வளர்ந்தது சாரதியா இல்லை, குற்றவாளியா. ஒரு மிட்டாய் சாப்பிட்டா அது "திருட்டு". டாக்டர்கிட்ட பொய் சொல்ற பழக்கம் அப்படித்தான் வந்தது.

லண்டனில் ஆர். டி. லாரன்ஸ் கதை வேற மாதிரி. அவரே டாக்டர், அவருக்கே இந்த நோய். சாகப்போறோம்னு தெரிஞ்சு இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போயிட்டார். 1923ல் லண்டன் நண்பர்கிட்டருந்து தந்தி: இன்சுலின் வந்தாச்சு, வேலை செய்யுது, சீக்கிரம் வா. அவர் கார் ஓட்டிக்கிட்டு ஐரோப்பாவைக் கடந்து லண்டன் வந்து சேர்ந்தார். நோயாளிகள் எளிமையா கணக்குப் போட ஒரு முறையை உருவாக்கினார். 10 கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு. எந்தச் சாப்பாடு எத்தனை பங்குன்னு அட்டவணை. இத்தனை பங்குக்குள்ள உனக்குப் பிடிச்சதை மாத்திச் சாப்பிட்டுக்கோ. 1934ல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸோடு சேர்ந்து நோயாளிகளுக்காக ஒரு சங்கமும் ஆரம்பித்தார். வெல்ஸுக்கும் சர்க்கரை நோய் இருந்தது.

இன்னும் ஒரு படி மேல போனவர் கார்ல் ஸ்டோல்டெ. அப்போ ஜெர்மனியில் இருந்த, இன்னைக்குப் போலந்தில் இருக்கிற பிரெஸ்லாவ் நகரத்தின் குழந்தை மருத்துவர். 1920களின் கடைசியில் அவர் சொன்னது: குழந்தை வீட்ல மத்தவங்க சாப்பிடுறதையே சாப்பிடட்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாடியும் சிறுநீரைச் சோதிச்சு, அதுக்குத் தகுந்த ஊசி போடுவோம். அதாவது சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி இன்சுலினை மாத்தணும். இன்சுலினுக்கு ஏத்த மாதிரி குழந்தையை மாத்தக் கூடாது.

சக டாக்டர்கள் கொதிச்சுப் போனாங்க. பொறுப்பில்லாத யோசனைன்னாங்க. 1936ல் டென்மார்க்கில் ஹாகடார்ன் மெதுவா வேலை செய்யும் இன்சுலினைக் கண்டுபிடித்ததும், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு ஊசி போதும்னு ஆச்சு. யார்தான் நாலு ஊசி போடுவாங்க? ஸ்டோல்டெயின் யோசனை ஓரமாப் போயிடுச்சு.

ஆனா மெதுவான இன்சுலினுக்கு ஒரு விலை உண்டு. ஒரு தடவை போட்டுட்டா அது தன் பாட்டுக்கு வேலை செய்யும். நீங்க கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டே ஆகணும். எனக்கு ஆரம்பத்துல கொடுத்ததும் காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கலந்து வர்ற இன்சுலின்தான். காலை 11 மணிக்கு பிஸ்கட் சாப்பிடலைன்னா கிளாஸ்ல கை நடுங்கும். கணக்கு மிஸ்ஸுக்குத் தெரியாம டெஸ்க்குக்கு அடியில குனிஞ்சு சாப்பிடுவேன். பசி இருந்தாலும் இல்லைன்னாலும் ஊசிதான் முதலாளி.

ஒரே பேர், ரெண்டு நோய்

இப்ப என் அப்பா ஏமாந்த இடத்துக்கு வரலாம்.

1936ல் லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு இன்சுலின் நல்லா வேலை செய்தது. சிலருக்கு சரியா வேலை செய்யலை. முதல் கூட்டத்துக்கு இன்சுலின் இல்லாததுதான் பிரச்சினை. ரெண்டாவது கூட்டத்துக்கு உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்கலை. ஒரே பேர்ல ரெண்டு நோய் இருக்குன்னு அவர் சொன்னார்.

முதல் கூட்டத்துக்கு ஏன் இன்சுலின் இல்லை? அதுக்கான பெரிய தடயம் 1974ல் கிடைத்தது. லண்டனில் போட்டாட்சோ, டோனியக் உள்ளிட்டவர்கள், சில நோயாளிகளின் ரத்தத்தில் லாங்கர்ஹான்ஸ் பார்த்த அதே தீவுகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். நம்மைக் காப்பாத்தவேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பே தவறுதலா இன்சுலின் தயாரிக்கும் செல்களை அழிச்சிடுது. அதுதான் டைப் 1. நான் சாக்லேட் சாப்பிட்டதால வந்தது இல்லை. அம்மா கர்ப்பமா இருந்தப்ப மாம்பழம் சாப்பிட்டதாலயும் இல்லை. எங்க அம்மா இதைப் பல வருஷம் நம்பிட்டிருந்தாங்க.

இப்ப ஆலனை மறுபடி நினைச்சுப் பாருங்க. அவர்கிட்ட ரெண்டு வகை நோயாளிகளும் வந்தாங்க. நடுத்தர வயசு, எடை கூடினவங்களுக்கு அந்த டயட் நிஜமாவே நல்லது பண்ணுச்சு. இன்னைக்கும் டைப் 2 இருக்கிறவங்க எடை குறைச்சா சிலருக்கு மாத்திரையே தேவைப்படாம போகுது. குழந்தைகளுக்கு அதே டயட் சாவைத் தள்ளிப் போட மட்டும்தான் முடிஞ்சது. எங்க ஊர் வைத்தியர்கிட்டயும் அதேதான் நடந்தது. அவர் குணமாக்கின மாமாக்கள் உண்மை. அவங்க கணையத்தில் இன்சுலின் இருந்தது. என் கணையத்தில் இல்லை.

சாரதி கைக்கு லகான் வந்தது

1969ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற இன்ஜினியர். 12 வயசிலிருந்து டைப் 1. மருத்துவமனைகளுக்காக வந்த ரத்தச் சர்க்கரை மீட்டர் விளம்பரத்தைப் பார்த்தார். அதை நோயாளிக்கு விக்க மாட்டாங்க. மனைவி டாக்டர் என்பதால அவங்க பேர்ல வாங்கினார். ஒரு நாளைக்குப் பல தடவை சோதிச்சு, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏத்துது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குதுன்னு தனக்குத்தானே கணக்குப் போட்டார். அவர் தேர்ந்தெடுத்தது மாவுச்சத்து ரொம்பக் குறைவான சாப்பாடு. ஆனா கவனிங்க, ஊசியை அவர் நிறுத்தலை. குறைச்ச சாப்பாட்டுக்குக் குறைச்ச ஊசி, அவ்வளவுதான். மருத்துவப் பத்திரிகைகள் அவர் எழுதினதை வாங்கலைன்னு, நாப்பது வயசுக்கு மேல மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆயிட்டார்.

அதே காலத்தை ஒட்டி ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் மைக்கேல் பெர்கர், இங்கிரிட் மூல்ஹாவுசர் குழு அஞ்சு நாள் பயிற்சி ஒண்ணை நடத்த ஆரம்பித்தது. கணக்குப் போட நாங்க கத்துத் தர்றோம், சாப்பாட்டை நீங்களே முடிவு பண்ணுங்க என்பதுதான் அதோட சாரம். ஸ்டோல்டெயின் பழைய யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது.

1993ல் பெரிய ஆதாரம் வந்தது. டிசிசிடி என்ற அமெரிக்க, கனடா ஆய்வு. 1441 பேர். அடிக்கடி சோதிச்சு, சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி இன்சுலினை மாத்தினவங்களுக்குக் கண் பாதிப்பு வர்ற ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அதே நேரம் ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை இறங்குறது மூணு மடங்கு ஆச்சு என்பதையும் மறைக்காம சொன்னார்கள். 1994ல் அமெரிக்க நீரிழிவு சங்கம் சர்க்கரைக்கு இருந்த முழுத் தடையை எடுத்தது. மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் முக்கியம்னு சொன்னது. 2002ல் பிரிட்டனில் டாஃப்னே என்ற ஆய்வு, டூசல்டார்ஃப் முறையில் பயிற்சி எடுத்தவங்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் வாழ்க்கைத் தரமும் ரெண்டுமே நல்லாச்சுன்னு காட்டியது.

ஸ்டோல்டெ சொன்னதை உலகம் ஏத்துக்க கிட்டத்தட்ட எழுபது வருஷம்.

எனக்கு 19 வயசுல அது கிடைத்தது. ராத்திரி ஒரு நீண்ட நேர இன்சுலின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வேகமான இன்சுலின். எங்க வீட்டு இட்லி ஒண்ணுக்கு நான் 12 கிராம்னு கணக்கு வச்சிருக்கேன். அம்மா மாவை ஊத்துற கரண்டியை மாத்தினா கணக்கும் மாறும். கணக்கு தப்பும் நாட்களும் உண்டு. பிரியாணியிடம் நான் இன்னும் தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில் உக்காந்து பாயசம் வேணுமா வேண்டாமான்னு நானே முடிவு பண்றேன்.

அதனால அடுத்த தடவை யாராவது "டயட்ல சரியாயிடும்"னு சொன்னா, கோபப்படாதீங்க. அவங்க பாத்தது உண்மையா இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அவங்களுக்கு இருந்தது எந்த டைப்? டைப் 1னா டயட் முக்கியம்தான். எவ்வளவு இன்சுலின், எப்போன்னு முடிவு பண்ண அது உதவும். ஆனா இன்சுலினுக்குப் பதிலா அது வராது. டோஸை மாத்தணும்னா உங்க டாக்டர்கிட்ட பேசி மாத்துங்க. வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்து வந்தா மீட்டர் நம்பரை நம்பி உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எலிசபெத் என்ன ஆனாங்க? கல்லூரிக்குப் போனாங்க, கல்யாணம் ஆச்சு, மூணு பிள்ளைகள். 1981ல் 73 வயசுல இறந்தாங்க. அதுவரைக்கும் சுமார் 42,000 ஊசி போட்டுக்கிட்டாங்க. ஆனா தன்னோட நோயைப் பத்தி வெளியே யார்கிட்டயும் பேசினதில்லை. நெருங்கின நண்பர்களுக்கே தெரியாது. பரிதாபப் பார்வை வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். எனக்கு அது நல்லாவே புரியுது.

என் அப்பா இப்ப ரிட்டையர் ஆயிட்டார். ஃப்ரிட்ஜ் கதவுல என் இன்சுலின் எத்தனை இருக்குன்னு வாரா வாரம் எண்ணிப் பாத்து, தீரப்போகுதுன்னா எனக்கு முன்னாடியே போய் வாங்கிட்டு வந்துடுவார். ஒரு புது நோட்டுல எழுதி வைக்கிறார். அந்தப் பழைய நாட்களைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதில்லை. இந்த எபிசோடை அவருக்கு அனுப்பப் போறேன்.

அப்பா, நீங்க கேட்டுட்டு இருந்தீங்கன்னா, அது உங்க தப்பு இல்லை. ரெண்டு நோய்க்கு ஒரே பேர் வச்சது யாரோ.